சிறையில் உள்ளவரின் குடும்பத்தார் அறிய வேண்டியவை

நம் ஆலயங்களில் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்கும்போது, சில தாய்மார்கள் ஒரு பெயரைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக் கொள்வதுண்டு. "பையன் எங்கேம்மா இருக்கிறான்?" என்று யாராவது கேட்டுவிட்டால், "வெளியூரில் வேலை" என்பார்கள். அந்த வெளியூர் சுங்கை பூலோவாகவோ காஜாங்காகவோ இருக்கும். அங்கே அவன் செய்வது வேலையன்று, சிறைவாசம்.

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரங்களில் இத்தகைய குடும்பங்களுக்குத் துணையாகப் போலீஸ் நிலையம், நீதிமன்றம், சிறை வாசல் என்று சென்று வரும் தொண்டில் நான் பல ஆண்டுகளாக ஈடுபட்டு வருகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். சட்டத்தைப் பற்றி இங்கே சொல்வது பொதுவான விவரமே. ஒவ்வொரு வழக்கிற்கும் உரிய ஆலோசனையை வழக்கறிஞரிடம்தான் பெற வேண்டும். ஆயினும் ஒன்றை நான் உறுதியாகச் சொல்ல முடியும். குற்றம் ஒருவர் செய்திருக்கலாம், செய்யாமலும் இருக்கலாம். தண்டனையில் பாதியை வீட்டில் இருப்பவர்கள் அனுபவிக்கிறார்கள். வெட்கத்தால் அவர்கள் வாய் திறக்காமல் இருக்கும்போது அந்தப் பாதி இரு மடங்காகிவிடுகிறது. காலத்தில் கேட்டிருந்தால் கிடைத்திருக்கக் கூடிய உதவிகள் கைநழுவிப் போகின்றன.

கைதான முதல் நாள்

கைதுச் செய்தி பெரும்பாலும் இரவில்தான் வரும். பதற்றப்படாமல் முதலில் ஒரு தாளில் குறித்துக் கொள்ளுங்கள்: எந்தப் போலீஸ் நிலையம், எத்தனை மணிக்குக் கைது, எந்தக் குற்றத்துக்காக, விசாரணை அதிகாரியின் பெயர் என்ன, அவருடைய தொலைபேசி எண் என்ன. இந்த ஐந்து விவரங்களும் கையில் இருந்தால் வழக்கறிஞரின் வேலை பாதி முடிந்த மாதிரி. கைதானவரை அதே நிலையத்தில் வைத்திருப்பார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். கோலாலம்பூரில் பலர் ஜின்ஜாங் மையத் தடுப்புக் காவல் கூடத்துக்குக் கொண்டு செல்லப்படுகிறார்கள். பிரிக்பீல்ட்ஸ் நிலைய வாசலில் விடிய விடியக் காத்திருந்த பின்பு, ஆள் ஜின்ஜாங்கில் இருப்பதை அறிந்த குடும்பங்கள் உண்டு.

நம் கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது விதி நான்கு உரிமைகளைத் தருகிறது. கைதானவருக்குக் காரணத்தைக் கூடிய விரைவில் தெரிவிக்க வேண்டும். அவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து ஆலோசிக்கலாம். அவரையே தமக்காக வாதாடவும் வைத்துக் கொள்ளலாம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவரை மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும். 2007-இல் நடப்புக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு இன்னும் ஒருபடி மேலே செல்கிறது: வாக்குமூலம் வாங்குவதற்கு முன்பு, உறவினர் அல்லது நண்பர் ஒருவருடன் தொடர்பு கொள்ளலாம் என்பதைப் போலீசாரே அவருக்குச் சொல்ல வேண்டும். எனவே தொலைபேசியில் பேச வாய்ப்புக் கிடைத்தால், அழுது நேரத்தைப் போக்காமல், "லாயர் வருகிறார், அவரைப் பார்த்த பிறகு பேசு" என்று மட்டும் சொல்லுங்கள்.

ரிமாண்ட் என்றால் என்ன?

விசாரணை 24 மணி நேரத்தில் முடியாவிட்டால் போலீசார் மாஜிஸ்ட்ரேட்டிடம் தடுப்புக் காவல் உத்தரவு கேட்பார்கள். இதைத்தான் ரிமாண்ட் என்கிறோம். 14 ஆண்டுகளுக்குக் குறைவான சிறைத் தண்டனைக்குரிய குற்றமானால் முதல் முறை 4 நாள், இரண்டாம் முறை 3 நாள், ஆக 7 நாளுக்கு மேல் கூடாது. 14 ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனை, மரண தண்டனை ஆகியவற்றுக்குரிய குற்றமானால் 7 நாளும் மறுபடி 7 நாளும், ஆக 14 நாள் வரை வைக்கலாம். நாள்காட்டியில் இந்த நாள்களைக் குறித்து வையுங்கள்.

ரிமாண்டின்போதே வழக்கறிஞர் பேசலாம். கையில் பணமில்லை என்று பேசாமல் இருந்துவிட வேண்டாம். ஒய்.பி.ஜி.கே. எனப்படும் தேசியச் சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் மலேசியக் குடிமக்களுக்குக் குற்றவியல் வழக்குகளில் உதவி வருகிறது. கைது, ரிமாண்ட், ஜாமீன் ஆகிய கட்டங்களில் அதன் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் கிடைப்பார்கள். முழு வழக்கையும் நடத்தித் தருவதற்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவும் உள்ளன. மரண தண்டனைக்குரிய வழக்கில் வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவருக்கு நீதிமன்றமே ஒருவரை நியமிக்கும்.

உடலில் காயம் இருந்தாலோ, மருந்து கிடைக்காவிட்டாலோ, மாஜிஸ்ட்ரேட் முன்னிலையிலேயே அதைச் சொல்லுமாறு உங்கள் பிள்ளைக்கு வழக்கறிஞர் மூலம் தெரிவியுங்கள். இதய நோய், நீரிழிவு, வலிப்பு உள்ளவராக இருந்தால் மருத்துவமனை அட்டையின் நகலையும் மருந்துப் பட்டியலையும் விசாரணை அதிகாரியிடம் அன்றே கொடுங்கள். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் காவலில் இருந்தபோது அ. குகன் என்ற இளைஞர் இறந்ததை நாம் மறந்துவிடவில்லை. அவர் தாயார் வழக்குத் தொடுத்தார். 2013-இல் உயர்நீதிமன்றம் குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. காவலில் நடந்த தவறு குறித்து மனித உரிமை ஆணையமான சுஹாகாமிடமும், 2023 ஜூலை முதல் இயங்கும் போலீஸ் நடத்தை மீதான சுயேச்சை ஆணையத்திடமும் புகார் செய்யலாம்.

சொஸ்மா, போக்கா என்ற பெயர்கள் காதில் விழுந்தால் அந்த நிமிடமே வழக்கறிஞரைத் தேடுங்கள். 2012-ஆம் ஆண்டின் சொஸ்மா சட்டத்தில் போலீஸ் காவல் 28 நாள் வரை நீளலாம். வழக்கறிஞரைச் சந்திப்பதையே 48 மணி நேரம் தள்ளி வைக்க அதில் இடமுண்டு. ஆனாலும் நெருங்கிய உறவினருக்கு உடனே தகவல் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. போக்கா எனப்படும் குற்றத் தடுப்புச் சட்டத்தில், 2014 திருத்தத்துக்குப் பின்னர், விசாரணையின்றியே 2 ஆண்டு வரை தடுத்து வைக்க வாரியம் ஒன்று உத்தரவிடலாம். இவற்றில் நடைமுறைப் பிசகு ஏதும் உண்டா என்பதை உயர்நீதிமன்றத்தில் எழுப்பத் தேர்ந்த வழக்கறிஞரால்தான் முடியும்.

ஜாமீனும் இடைத்தரகர்களும்

நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்ட பின்னர் ஜாமீன் என்ற கேள்வி எழும். சில குற்றங்களுக்கு ஜாமீன் உரிமை. சிலவற்றுக்கு அது நீதிபதியின் முடிவு. கடுமையான போதைப்பொருள் குற்றங்களில் சட்டமே தடுக்கிறது. ஜாமீன் எடுப்பவர் அடையாள அட்டையுடன் வர வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவர் ஒவ்வொரு தேதியிலும் நீதிமன்றத்துக்கு வருவார் என்பதற்கு அவரே பொறுப்பு. வராமல் ஓடிவிட்டால் பணம் போய்விடும். ஒழுங்காக வந்தால், வழக்கு முடிந்ததும் பணம் திரும்பக் கிடைக்கும். ஆகவே ரசீதை நகைப் பெட்டியில் வைப்பதுபோல் பத்திரப்படுத்துங்கள். வழக்கு முடிந்தும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று தெரியாமல் விட்டுவிட்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் வேதனையானது ஒன்று உண்டு. "உள்ளே எனக்கு ஆள் இருக்கு, கொடுத்தால் கேஸை முடித்துவிடலாம்" என்று சொல்லிக்கொண்டு சிலர் நீதிமன்றப் படிக்கட்டிலேயே வட்டமிடுவார்கள். கிள்ளானைச் சேர்ந்த ஒரு தாயார் தாலிச் சங்கிலியை அடகு வைத்து அப்படி ஒருவனிடம் பணம் கொடுத்தார். மறுவாரம் அவனுடைய தொலைபேசி எண் இயங்கவில்லை. மகனின் வழக்கு இருந்த இடத்திலேயே இருந்தது. லஞ்சம் வாங்குபவர் போலவே கொடுப்பவரும் 2009-ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி குற்றவாளி என்பதால், அந்த அம்மையார் புகார் செய்யவும் அஞ்சினார். பணம் கொடுப்பதாயின் வழக்கறிஞர் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரசீது தர மறுப்பவரிடம் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

"ஒத்துக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும்" என்ற யோசனையையும் எச்சரிக்கையோடு கேளுங்கள். குற்றச்சாட்டு புரியவில்லை என்றால் தமிழில் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்கலாம். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு உண்டு. குற்றத்தை ஒப்புக்கொள்வதாயிருந்தாலும் வழக்கறிஞர் தண்டனையைக் குறைக்கக் கோரிப் பேச, குடும்பம் தாள்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும்: வேலைக் கடிதம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், பெற்றோரின் மருத்துவ அறிக்கை. இன்னொரு முக்கியமான விஷயம்: தண்டனை பொதுவாகத் தீர்ப்பு நாளிலிருந்துதான் தொடங்கும். கைதான நாளிலிருந்து கணக்கிடும்படி நீதிபதி உத்தரவிட்டால், ரிமாண்டில் கழித்த மாதங்கள் வீணாகா. இதைக் கேட்கும்படி வழக்கறிஞருக்கு நினைவூட்டுங்கள். மேல்முறையீடு செய்ய விரும்பினால் 14 நாளுக்குள் அறிவிப்புக் கொடுத்துவிட வேண்டும்.

தீர்ப்புக்குப் பிறகு

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட சிறைத் தண்டனையில், நன்னடத்தை இருந்தால் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடியாகும். 3 ஆண்டுத் தண்டனை பெற்றவர் 2 ஆண்டில் வெளியே வரலாம். உள்ளே சண்டை, கைத்தொலைபேசி, சிகரெட் என்று மாட்டிக்கொண்டால் இந்தத் தள்ளுபடியில் கைவைப்பார்கள். ஆதலால், எதையாவது மறைத்துக் கொண்டு வரும்படி உள்ளேயிருந்து கேட்டாலும் மறுத்துவிடுங்கள். அவருடைய நாள்களும் கூடும். உங்கள் மேலும் வழக்கு வரும்.

பரோல் முறை நம் நாட்டில் 2008-இல் தொடங்கியது. ஓராண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனை பெற்றவர் பாதியை முடித்த பிறகு தகுதி பெறலாம்; சில கடுங்குற்றங்களுக்கு அது இல்லை. பரோல் அதிகாரி உங்கள் வீட்டைப் பற்றியும் விசாரிப்பார். தங்க இடம் உண்டா, ஏற்றுக்கொள்ள ஆள் உண்டா, வேலைக்கு வழி உண்டா என்று பார்ப்பார். அந்த நேரத்தில் வீட்டார், "எங்களுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை" என்று சொல்லிவிட்டால், திறக்கவிருந்த கதவு மூடிக்கொள்ளும்.

போதைப்பொருள் வழக்குகளில் சிக்கிய குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டு, நீதிபதி அதற்குப் பதிலாக ஆயுள் சிறை விதிக்க வழி ஏற்பட்டது. உயிர் தப்பியதற்காக ஆண்டவனுக்கு நன்றி சொன்ன குடும்பங்கள் அடுத்து ஒரு கேள்வியை எதிர்நோக்கின: முப்பது ஆண்டுகள் யார் போய்ப் பார்ப்பது? தாய்க்குப் பின் தங்கை, தங்கைக்குப் பின் அவள் பிள்ளை என்று அந்தத் தொடர்பை இப்போதே திட்டமிட வேண்டும்.

சந்திப்பும் கடிதமும்

1895-இல் கட்டி முடிந்த புடு சிறை நகரின் நடுவில் இருந்தபோது, சந்தைக்குப் போய் வருகிற வழியிலேயே ஒருவர் மகனைப் பார்த்துவிட்டு வர முடிந்தது. 1996-இல் கைதிகள் சுங்கை பூலோவுக்கும் காஜாங்குக்கும் மாற்றப்பட்டார்கள். பழைய கட்டடம் பின்னர் இடிக்கப்பட்டுவிட்டது. இன்று ஒரு சந்திப்புக்கு அரைநாளாவது ஆகிறது. சுங்கை பூலோ, காஜாங் இரண்டுக்கும் கொமுட்டர் ரயில் உண்டு. நிலையத்திலிருந்து சிறைக்கு வாடகை வண்டி பிடிக்க வேண்டும். பெண் கைதிகள் காஜாங் பெண்கள் சிறையில் வைக்கப்படுகிறார்கள்.

விசாரணைக் கைதிக்கு ஒரு கணக்கு, தண்டனைக் கைதிக்கு வேறு கணக்கு என்று சந்திப்பு நாள்கள் அமைகின்றன. ஆகவே புறப்படும் முன் சிறைக்குத் தொலைபேசி செய்து முன்பதிவு செய்யுங்கள். அடையாள அட்டையோடு உறவைக் காட்டும் பத்திரமும் கொண்டு போங்கள். கோயிலில் தாலி கட்டியும் பதிவு செய்யாமல் விட்ட தம்பதிகள் இங்கேதான் தவிக்கிறார்கள். 1982 மார்ச் முதல் நம் திருமணங்களுக்குப் பதிவு கட்டாயம். பதிவுப் பத்திரம் இல்லாதபோது, மனைவி என்று சொல்லிக் கொள்ள அந்தப் பெண்ணிடம் ஆதாரம் ஏதுமில்லை. அடக்கமான உடை அணியுங்கள்; கைத்தொலைபேசியை வெளியே வைத்துவிட வேண்டும். திருநீறு, பிரசாதம், வீட்டுச் சாப்பாடு எதையும் அதிகாரியைக் கேட்காமல் நீட்டாதீர்கள். தீபாவளியை ஒட்டிச் சிறப்புச் சந்திப்புக்குச் சிறைத்துறை ஏற்பாடு செய்வதுண்டு; முன்கூட்டியே விசாரியுங்கள்.

கண்ணாடிக்கு அப்பால் இருப்பவரிடம் என்ன பேசுவது என்று பலர் கேட்பார்கள். பழியும் வேண்டாம், பொய்யும் வேண்டாம். தங்கையின் பரீட்சை, பாட்டியின் கால்வலி, பக்கத்து வீட்டில் பிறந்த குழந்தை என்று வீட்டுச் செய்தி பேசுங்கள். தாம் இன்னமும் அந்த வீட்டின் ஆள் என்று அவர் உணர்ந்தால் போதும். போக முடியாத மாதத்தில் கடிதம் எழுதுங்கள். அதிகாரிகள் படித்த பிறகே கடிதம் கைக்குப் போகும் என்பதால் வழக்கு விவரத்தை அதில் எழுதக்கூடாது.

நெல்சன் மண்டேலா ராபன் தீவுச் சிறையில் தொடக்கத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு சந்திப்பும் ஒரு கடிதமும் மட்டுமே பெற்றார். 27 ஆண்டு சிறைவாசத்துக்குப் பின் 1990-இல் அவர் விடுதலையானார். 2015-இல் ஐக்கிய நாட்டுச் சபை சிறைவாசிகளை நடத்தும் விதிகளைத் திருத்தி அவர் பெயரையே சூட்டியது. குடும்பத்தோடும் நண்பர்களோடும் முறையாகத் தொடர்பு கொள்ள அனுமதிக்க வேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. உலகமே ஒப்புக்கொண்ட ஒன்றைச் செய்வதற்கு நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

வீட்டில் இருப்பவர்கள்

சம்பாதிப்பவர் உள்ளே போய்விட்டால் முதலில் வாடகையும், பிறகு பள்ளிப் பேருந்துக் கட்டணமும் நிற்கும். சமூக நல இலாகாவில் பிள்ளைகளுக்கான மாத உதவிக்கு விண்ணப்பியுங்கள். சிறையிலிருப்பதற்கான கடிதத்தை இணையுங்கள். வட்டிக்காரரிடம் போக வேண்டாம். பள்ளியில் தலைமையாசிரியரிடமோ ஆலோசக ஆசிரியரிடமோ மட்டும் உண்மையைச் சொல்லி வைப்பது நல்லது. பிள்ளை திடீரென்று வகுப்பில் ஒடுங்கிப் போனால் அவர் காரணம் அறிந்திருப்பார்.

பிள்ளைகளிடம், "அப்பா கப்பலில் போயிருக்கிறார்" என்று சொல்லி வைக்கிறோம். ஒரு நாள் பள்ளியிலே மற்றொரு பிள்ளை உண்மையைச் சொல்லிவிடும். அப்போது தந்தை மீதுள்ள நம்பிக்கையோடு தாய் மீதுள்ள நம்பிக்கையும் போகும். வயதுக்கேற்ற அளவில், "அப்பா ஒரு தப்பு செய்ததாக வழக்கு, இப்போது சிறையில் இருக்கிறார், உன் மேல் அன்பாகத்தான் இருக்கிறார், இதில் உன் தப்பு எதுவுமில்லை" என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் இதைத் தாங்கிக் கொள்கிறார்கள்.

பக்தர்களும் கொடையாளர்களும் செய்யக் கூடியவை

அன்னதானத்துக்கும் கும்பாபிஷேகத்துக்கும் வாரி வழங்கும் நம் மக்கள் இந்தக் குடும்பங்களையும் நினைவில் கொள்ள வேண்டுகிறேன். தேவைப்படுவது பெருந்தொகை அன்று. காஜாங்குக்கு ஒரு தாயை அழைத்துச் செல்ல மாதம் ஒரு நாள் காரும் ஓட்டுநரும். பள்ளி திறக்கும்போது இரண்டு சீருடை. மலாய் மொழிப் பாரங்களை நிரப்பித் தரத் தெரிந்த ஒருவர். விடுதலையானவருக்கு வேலை தர முன்வரும் ஒரு பட்டறை முதலாளி அல்லது உணவக உரிமையாளர். இவ்வளவுதான். சமய அமைப்புகளின் தொண்டர்கள் சிறைக்குள் சென்று சமய வகுப்பு நடத்துகிறார்கள். நேரமுள்ளவர்கள் அவர்களுடன் சேரலாம். வழிதவறும் நிலையில் உள்ள இளைஞர்களுக்குக் கைத்தொழில் கற்றுத் தரும் மைஸ்கில்ஸ் அறவாரியம் போன்றவையும் நம்மிடையே உண்டு.

விடுதலையான முதல் சில வாரங்கள்தான் மிகவும் ஆபத்தானவை. வேலை இல்லை, பழைய கூட்டாளிகள் வாசலில் வந்து நிற்பார்கள். அந்த நேரத்தில் கோயிலில் பந்தி பரிமாறவோ தேர்வடம் பிடிக்கவோ யாராவது அவரை அழைத்தால், அந்த அழைப்பு அவரைத் தடுத்து நிறுத்தக் கூடும். முறைத்துப் பார்த்து ஒதுங்கிப் போனால், அவரை அழைக்கக் காத்திருப்பவர்கள் வேறு இருக்கிறார்கள்.

இந்த மலரைப் படிப்பவர்களில், யாரிடமும் சொல்லாமல் இந்தப் பாரத்தைச் சுமப்பவர் ஒருவராவது இருப்பார். அவருக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் ஆலய நிர்வாகத்தில் நீங்கள் நம்பும் ஒருவரிடம் இந்த வாரமே பேசுங்கள். கேட்டது வெளியே போகாமல் காப்பது கேட்டவர் கடமை. கேட்ட பிறகு சும்மா இராமல் இருப்பதும் அவர் கடமை. எல்லாம் வல்ல இறைவன் துணை நிற்பானாக.